தபாலில் வந்த பாஷை

— மறுக்கா சொல்லுங்க.

— தெனேரா.

— ம்ஹூம்.

— தெனியேரா?

— அய்யோ… இல்லீங்க.

— தெனி… தெனா… அம்மணி, நீ மொதல்ல அந்தக் கல்ல நிறுத்து. ஆட்டாங்கல்லு சத்தத்துல வர்றதும் வரமாட்டீங்குது.

— கல்லு நின்னா மாவு ஆருங்க ஆட்டறது? கல்லுக்கும் உங்க நாக்குக்கும் என்ன சம்பந்தம்? துவியேரா. துவி… யேரா. காத்தாலயிருந்து எத்தன தடவங்க சொல்றது?

— துவியேரா.

— ஆங். இப்ப வரிசையாச் சொல்லுங்க. நான், நீ, அவன், நாம, நீங்க எல்லாம், அவங்க.

— நான் துவியேரா. நீ… துவியேராடா.

— டாவா?

— 'நீ'ன்னா மருவாதி இல்லாமச் சொல்றதுதான?

— அதுக்கு 'டா' போடுவாங்களா? நீன்னா துவியேராஸ்.

— செரி. அப்ப பெரிய மனுசங்களுக்கு துவியேராஸுங்க.

— கடவுளே…

— ஏன், என்ன தப்பு? ஊரு பூரா 'ங்க' போட்டுப் பேசறோம். ஸ்பெயின்காரங்களுக்கு மட்டும் போடாம வுட்டா நல்லாவா இருக்கும்?

— ஸ்பெயின்ல பீளமேடு கெடையாதுங்க! அங்க பெரியவங்கன்னா 'அவரு'க்கு என்ன சொல்றமோ அதையேதான் சொல்லணும். துவியேரா. எதுக்கால நிக்கறவங்களயே அக்கட்ட இருக்கறவங்க மாதிரிச் சொன்னா, அதான் அவங்க மருவாதி.

— எதுக்கால நிக்கறவனப் பாத்து 'அவரு வந்தாரா'ன்னு கேக்கறதா? நம்மூர்ல அப்பிடிக் கேட்டா, குத்திக்காட்டிப் பேசறான்னு சண்டைக்கு வருவாங்க அம்மணி.

— நம்மூரு கதய வுடுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு, மில்லுக்கு வந்திருக்கற ஸ்பெயின்காரருகிட்டப் பேச ஆளெடுக்கற டெஸ்டு. மில்லு ஆபீஸ்ல போயி நீங்க இப்பிடி துவியேராடான்னு நின்னா என்ன ஆகுமுன்னு கொஞ்சமாவது ரோசனை பண்ணுனீங்களா?

— என்ன ஆகும்? ஸ்டோர்ஸ் கிளார்க்கு ஸ்டோர்ஸ் கிளார்க்காவே இருப்பேன். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்க துவியேரா எதுக்கு?

— சிரிப்பாங்க. மேனேஜரு சிரிப்பாரு. டைப்பிஸ்டு முத்தலிப் அண்ணன் சிரிப்பாரு. அந்த சர்டிபிகேட்டக் கண்ணாடி போட்டு, காலண்டருக்குப் பக்கத்துல மாட்டி, வர்ற ஒறம்பரைக்கெல்லாம் காப்பி குடுக்கறதுக்கு மின்னாடியே காமிச்சீங்களே… 'ஸ்பானிஷு, தபால்லயே படிச்சது, பம்பாய் இன்ஸ்டிட்யூட், ஃபஸ்ட் கிளாஸு'ன்னு. அதெல்லாம் பொய்யின்னு ஆயிருமுங்க.

— சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. போச்சாது.

— உங்களுக்குப் போச்சாது. எனக்கு…

— உனக்கென்ன?

— ஒண்ணுமில்லீங்க. நாமன்னா என்ன? சொல்லுங்க.

— துவியேரா… நாம… துவியேராநாம.

— துவியேராமோஸ்! அய்யோ, எருமைக்குச் சொல்லியிருந்தாக் கூட இன்னேரம் அது திருப்பிச் சொல்லியிருக்குமே.

— எருமைக்கு மேனேஜரு டெஸ்டு வெக்க மாட்டாரு. அது நிம்மதியாப் படிக்கும்.

— தமாசு பண்ற நேரமாங்க இது? அத்தையும் பையனும் பல்லடத்துக் கல்யாணத்துல இருந்து பொழுதோட வந்துருவாங்க. வந்தா இந்தப் பொஸ்தகத்த எடுக்க முடியுமா? இப்பவே ரெண்டு மணி ஆச்சு.

— எனக்கு ஒரு சந்தேகம்.

— கேளுங்க.

— 'எங்கிட்ட இருக்குது'ன்னா தெங்கோ. அது எனக்குத் தெரியும், மூணாவது பாடத்துலயே வருது. அந்தத் தெங்கோ எப்பிடித் திடீர்னு துவி ஆச்சு? 'தெ' எங்க போச்சு?

— 'சாகறான்'னு சொல்றோம். மக்காநாளு 'செத்தான்'ங்கறோம். 'சா' எங்க போச்சுன்னு நீங்க ஒருநாளாவது தேடுனீங்களா?

— நல்ல நாளும் அதுவுமா ஏன் சாவுல போயி நிக்கற?

— நீங்கதான் கொண்டாந்து நிறுத்தறீங்க.

— செரி, செரி. இது எந்த எடத்துல சொல்றது? அதயாவது சொல்லு.

— இல்லாத எடத்துலதான். இருக்குதுன்னாத் தெங்கோ. இல்லாதத, இருந்தா எப்பிடி இருக்கும்னு மனசுக்குள்ள வெச்சுச் சொன்னா துவியேரா. 'எனக்கு றெக்கை இருந்தா'ங்கறோமில்ல, அது. சொல்லும்போதே நமக்குத் தெரியும், இல்லைன்னு. இருந்தாலும் சொல்றோம்.

— நல்லாச் சொன்ன. பொஸ்தகத்துல அப்பிடியா போட்டிருக்குது?

— ஆமாங்க.

— எந்தப் பக்கம்?

— என்னமோ… நூத்திப்பத்தோ என்னமோ.

— நூத்திப்பத்துல கழுதை வண்டிப் படமில்ல இருக்குது.

— அப்ப நூத்திப்பதினொண்ணு. பக்கமா முக்கியம்?

— பொஸ்தகம் என்ற மடியில இருக்குது. நீ அங்க கல்லுக்கிட்ட இருக்கற. நான் சொல்றது தப்புன்னு உனக்கு எப்பிடி அம்மணி தெரியுது?

— காத்தாலயிருந்து நீங்க கத்திட்டே இருக்கறீங்க. கேட்டுக் கேட்டு ஆருக்கும் வந்துரும்.

— நான் தப்பாத்தான கத்துனேன்? என்னயக் கேட்டு உனக்குச் செரியானது எப்பிடி வந்துது?

— மொதல்ல ஒருக்கா பாத்துப் படிச்சீங்கல்ல…

— எப்ப?

— படிச்சீங்க! இப்ப வாதாடாம அடுத்ததுக்கு வாங்க. 'முடிஞ்சா'ங்கறதுக்கு என்ன?

— பொ… பொதேரா.

— ம்ஹூம்.

— பொதியேரா?

— உங்களுக்காக ஆனைமலைக்குப் போயி நியாயங் கேட்டு மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுத்தான் அப்போணும். ஆனா அதுவும் ஆவாது.

— ஏன் ஆவாது?

— ஆவாதுன்னா ஆவாது. அநியாயம் பண்ணுனவங்களே மொளகா அரைச்சா அம்மன் கேக்குமா?

— ஆரு என்ன அநியாயம் பண்ணுனா?

— ஒண்ணுமில்லைன்னா வுடுங்களேன்! புதியேரா. புதியேரா, புதியேராஸ், புதியேரா, புதியேராமோஸ், புதியேரைஸ், புதியேரான். 'வந்தா'ன்னா வினியேரா, வினியேராஸ், வினியேரா, வினியேராமோஸ், வினியேரைஸ், வினியேரான். 'தெரிஞ்சா'ன்னா சுப்பியேரா, சுப்பியேராஸ், சுப்பியேரா, சுப்பியேராமோஸ், சுப்பியேரைஸ், சுப்பியேரான்! இதுல என்னங்க கஷ்டம்? என்னங்க கஷ்டம் இதுல? கல்லு ஒரு சுத்துச் சுத்தறதுக்கு ஒண்ணு. ஆறு சுத்துக்கு ஆறு. முடிஞ்சுது!

— மாவு பொங்கி வெளிய வருது, பாரு.

— ஆங்… பாத்தேனுங்க.

— மூச்சு வாங்கிக்க.

— எனக்கு ஒண்ணுமில்லீங்க. கோவத்துல என்னமோ வாயில வந்துது. செரியோ தப்போ.

— பொஸ்தகத்துல பாத்துட்டே வந்தேன். ஒண்ணு கூடத் தப்பில்ல. கோவத்துல எனக்கெல்லாம் கெட்ட வார்த்தைதான் வரும்.

— நீங்க படிக்கறீங்களா இல்லையா?

— படிக்கறேன், படிக்கறேன். இந்தப் பொஸ்தகம் வேண்டாம். இது ஆவற காரியமில்ல. நான் இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதிப் போட்ட பேப்பரெல்லாம் திருத்தித் திரும்பி வந்திருக்குமில்ல? அதப் படிச்சா நான் எழுதுனது எனக்கே ஞாபகத்துக்கு வரும்.

— அதெல்லாம் இல்லீங்க.

— ஏன் இல்ல?

— எடைக்குப் போட்டாச்சு.

— அப்ப இதென்ன?

— ஏனுங்க… அத எங்க எடுத்தீங்க?

— உன்ற டிரங்குப் பொட்டில. கல்யாணப் பொடவைக்கு அடியில.

— பூச்சி அரிக்குமுன்னு வெச்சேன்.

— என்ற பேப்பரப் பூச்சி அரிக்குமுன்னு உன்ற முகூர்த்தப் பொடவைக்கு அடியிலயா?

— குடுங்க இப்பிடி. கை மாவா இருக்குது… நீங்களே உள்ள வெச்சுருங்க. மொதல்ல வெய்யுங்க.

— இரு அம்மணி. பாடம் இருபத்திமூணு. 'இந்த வினைகளை வைத்துப் பத்து வாக்கியம் எழுதவும். கீழே ஆங்கிலத்தில் பொருள் தரவும்.' நல்லதாப் போச்சு. இங்கிலீஷு எனக்கு வரும். ஒண்ணாவது…

— வேண்டாங்க.

— 'எனக்கு இன்னொரு வருசம் பள்ளிக்கூடம் இருந்தா, நான் கணக்குல மொதலாவதா வருவேன்.' இதென்ன? நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிப் பதிமூணு வருசமாச்சு. எதுக்கு இன்னொரு வருசம் கேட்டேன்?

— கணக்குல முப்பத்தாறு மார்க்குன்னு அத்த சொன்னாங்க. அந்த வெசனத்துல எழுதியிருப்பீங்க.

— முப்பத்தெட்டு. ரெண்டாவது… 'என்ற சமையக்கட்டுல ரோட்டப் பாத்து ஒரு சன்னல் இருந்தா, பஸ்ஸு போறதப் பாத்துட்டே இருப்பேன்.' அந்தப் பஸ்ஸுலதான நான் தினம் தொங்கிட்டுப் போறேன். அத எதுக்கு நான் சன்னல் வெச்சுப் பாக்கணும்?

— எனக்கெப்பிடீங்க தெரியும்? எழுதுனது நீங்க.

— ஆமா. எழுதுனது நான். மூணாவது… 'என்ற அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தமா இருந்தா, நான் வாய்விட்டுப் படிப்பேன்.' என்ற அத்தைன்னா உன்ற அம்மா. அவங்க ஆனைமலையில இருக்கறாங்க. நான் பீளமேட்டுல வாய்விட்டுப் படிச்சா அவங்களுக்குக் கேக்குமா?

— போதுமுங்க.

— நாலாவது… 'எனக்கு இந்தப் பாஷையில பேச ஒரு ஆளு இருந்தா, நான் ஆட்டாங்கல்லோட பேச மாட்டேன்.'

— போதும்னு சொன்னேனுங்க!

— கண்ணு…

— படிக்காதீங்க.

— இன்னும் ஒண்ணே ஒண்ணு. இது அஞ்சாவது. பேப்பர் பூரா ஒரு தப்புக் கூடக் கெடையாது. இந்த அஞ்சாவதுல மட்டும் ஒரு வார்த்தைய செவப்பு மையில அடிச்சிருக்கறாங்க. 'மரிதோ'ன்னு இருக்குது. அத அடிச்சுட்டு மேல 'எஸ்போசா'ன்னு எழுதி, பக்கத்துல இங்கிலீஷுல ஒரு குறிப்பு… 'ஐயா, இது மனைவி என்றுதானே இருக்க வேண்டும்? மற்றபடி மிக அருமை.' நீ எழுதுனது என்னன்னு நான் படிக்கட்டா? 'என்ற புருசன் என்னய ஒருக்கா கேட்டா, நான் எல்லாத்தையும் சொல்லிருவேன்.' எனக்கு ஏது அம்மணி புருசன்?

— …

— கல்லு நின்னு போச்சு.

— நின்னா நிக்கட்டும்! ஆமாங்க, நாந்தான் எழுதுனேன். என்ன பண்ணோணுங்கறீங்க? நாலாவது பாடத்துல இருந்து நாந்தான். மில்லுக்கு ஸ்பெயின் மிஷினு வருது, என்னய பார்சிலோனாவுக்குத் தாட்டி வுடுவாங்கன்னு குதிச்சுட்டுப் பணம் கட்டுனீங்க. மூணே பாடம். அதோட பொஸ்தகத்தத் தூக்கி அலமாரி மேல வீசிப் போட்டீங்க. தபால்காரரு மாசா மாசம் கொண்டாந்து குடுத்துட்டே இருந்தாரு. ஒட்டுன கவரு ஒட்டுனபடியே அஞ்சு கெடந்துது. ஒருநாளு பிரிச்சுப் பாத்தேன். அது தப்பா?

— நான் தப்புன்னு சொன்னேனா?

— மொதல்ல ஒரு வரி புரியல. என்ற இங்கிலீஷும் அஞ்சாம் பாரத்தோட நின்னதுதான? அப்பிச்சி ஊட்டுப் பழைய டிக்ஷனரி ஒண்ண வாங்கிட்டு வந்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சு, ஒவ்வொரு வார்த்தையாப் பாத்தேன். எழுதிப் போட்டேன். திருத்தி வந்துது. பேப்பர் முடியற எடத்துல அவங்க ரெண்டு வரி எழுதியிருந்தாங்க. 'நன்றாக இருக்கிறது. இந்த வார்த்தையைப் பாடத்தில் நாங்கள் தரவில்லையே, எங்கே பிடித்தீர்கள்?'ன்னு.

— ம்…

— எங்கிட்ட அப்பிடி ஆருங்க கேட்டிருக்கறாங்க? சாம்பார்ல உப்புப் போட்டயான்னு கேட்டிருக்கறாங்க. பையனுக்குச் சொரமான்னு கேட்டிருக்கறாங்க. இத எங்க புடிச்சேன்னு என்னய ஒருத்தரும் கேட்டதில்ல. அந்த ரெண்டு வரிக்காக அடுத்த பாடத்த எழுதுனேன். அப்பிடியே இருபத்திநாலு வரைக்கும் எழுதிப் போட்டேன். சர்டிபிகேட்டு வருமுன்னு சத்தியமா நான் நெனைக்கல. வந்துது. உங்க பேருல. நீங்க ஆணி அடிச்சீங்க. நான் தொடச்சுட்டு இருக்கறேன்.

— காசு கட்டுனவனுக்கெல்லாம் குடுப்பாங்கன்னு நெனச்சதாச் சொன்னேன் இல்ல அன்னிக்கு?

— சொன்னீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்பப் பாருங்க, அதுனால உங்களுக்கு டெஸ்டு வந்து நிக்குது. நாளைக்கு நாலு பேரு உங்களப் பாத்துச் சிரிச்சா, அது என்னாலதான? அந்தப் பாவம் எனக்குத்தான? அதுக்குத்தான் காத்தாலயிருந்து இந்தப் பாடு படறேன். ரெண்டு வருசப் பாடத்த ஒரு ஞாயித்துக்கெழமையில ஒரு மனுசனுக்கு எப்பிடீங்க ஊட்டறது? அதுலயும் உங்களுக்கு?

— கண்ணத் தொட. மாவு கையில தொடைக்காத, எரியும். இந்தா துண்டு.

— வேண்டாங்க.

— புடி அம்மணி. எனக்குத் தெரியும்.

— எது?

— நீ எழுதறது.

— பொட்டியத் தொறந்து பாத்துட்டுத் தெரியுமுன்னு சொன்னா…

— பொட்டியத் தொறந்தது போன வாரந்தான். தெரிஞ்சது ரெண்டு வருசமாச்சு. பம்பாயில இருந்து மில்லு அட்ரஸுக்கு எனக்கொரு கடுதாசி வந்துது. 'அன்புள்ள ஐயா, தங்கள் விடைத்தாள்கள் சிறப்பாக உள்ளன. ஆனால் பெயர் எழுத வேண்டிய இடத்தைத் தாங்கள் எப்போதும் காலியாகவே விடுகிறீர்கள். எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். தயவுசெய்து இனியாவது தங்கள் பெயரை எழுதவும்.'

— அய்யய்யோ…

— நான் ஸ்டோர்ஸ்ல நின்னுட்டு ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல ஒண்ணும் புரியல. நான் மூணு பாடத்தோட நிறுத்துனவன், விடைத்தாள் எங்கிருந்து போகுது? பொறகு ரோசனை பண்ணுனேன். திருமலைசாமிங்கறவன் தன்ற பேர எழுதறதுக்கு எதுக்கு வெக்கப்படப் போறான்? அந்தப் பேர எழுதக் கையி வராத ஆளு இந்த ஊட்டுல ஒருத்திதான்.

— எப்பிடீங்க எழுதறது? பேனாவ அந்த எடத்துல வெப்பேன். அப்பிடியே எடுத்துருவேன். கட்டுன புருசன் பேரு… ஸ்பானிஷுல எழுதுனா மட்டும் பேரு மாறிருமா?

— நீதான் என்ற பேரு வாயில வந்துருமுன்னு திருமலைக்குப் போறதையே 'மேல போயிட்டு வாரோம்'னு சொல்றவளாச்சே.

— சிரிக்காதீங்க. பொறகு அவங்களுக்கு என்ன பதிலு எழுதுனீங்க?

— 'இனிமேலும் பேரு வராதுங்க, தயவுபண்ணி நம்பர வெச்சே திருத்திக் குடுங்க'ன்னு எழுதுனேன்.

— மேசை டிராயர்ல… தபால்தலை எடுக்க எடுக்கத் தீராம இருந்துது. நான் அது பழசு, நீங்க வாங்கி மறந்து போனதுன்னு…

— தபால்தலை கீரையா, கிள்ளக் கிள்ள மொளைக்கறதுக்கு?

— அப்ப ரெண்டு வருசமாத் தெரிஞ்சிருக்குது. தபால்தலை வாங்கி வெச்சிருக்கறீங்க. கடுதாசி எழுதியிருக்கறீங்க. ஒரு வார்த்தை… பங்காரம்மா, என்ன பண்றன்னு ஒரு வார்த்தை கேக்கோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா?

— தோணுச்சு.

— பொறகு?

— பயந்தேன்.

— என்னயக் கண்டா?

— கல்யாணமான புதுசுல நீ கோடு போட்ட நோட்டுல என்னமோ எழுதிட்டிருந்த. 'என்ன எழுதற, காமி'ன்னு கேட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். 'ஒண்ணுமில்லீங்க'ன்னு சொல்லிட்ட. மக்காநாளு குளிக்கப் போறேன், அந்த நோட்டு வெந்நி அடுப்புல எரிஞ்சுட்டு இருக்குது. அதுக்கப்பறம் நீ எழுதி நான் பாக்கல. இதயும் கேட்டிருந்தா, இதயும் அடுப்புல வெச்சிருப்ப.

— அது… அப்ப சின்னப் புள்ளைங்க நான். பயமா இருந்துது.

— எனக்கென்ன தெரியும்? கேட்டா நீ நிறுத்திருவயோன்னு நெனச்சுட்டு நான் கேக்காம இருக்கறேன். கேட்டாச் சொல்லிருவேன்னு நீ பம்பாய்க்கு எழுதிப் போட்டுட்டு இருக்கற. அவங்க அதயும் திருத்தி அனுப்பறாங்க. என்ன குடித்தனமோ போ. போன வாரம் அந்த அஞ்சாவதப் படிச்சுட்டு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

— அதான் அன்னிக்கு வயித்து வலின்னு சொன்னீங்களா?

— ஆமா. நீ ஓமத்தண்ணி குடுத்த. அதயும் குடிச்சேன்.

— அப்ப கேக்கறதுக்கு இதாங்க வழி? காத்தாலயிருந்து தெனேரா, தெனியேரா, துவியேராடான்னு என்ற உசுர வாங்கி…

— நேராக் கேட்டா நீ 'ஒண்ணுமில்லீங்க'ன்னு சொல்லுவ. கோவம் வந்தாத்தான் உனக்கு உண்மை வரும். ஆனா ஒண்ணு, அதுல பாதி நடிப்பு இல்ல. நெசமாலுமே எனக்கு வரல.

— பாதியா? முக்காவாசி.

— செரி, முக்காவாசி.

— இப்ப டெஸ்டுக்கு என்னங்க பண்றது? இல்ல, டெஸ்டும் பொய்யா?

— டெஸ்டு நெசம். நாளைக்குப் பத்து மணி.

— பொறகு எப்பிடி இவ்வளவு நிம்மதியா உக்காந்திருக்கறீங்க? போயி என்னத்தப் பேசுவீங்க?

— பத்து மணிக்கு நான் ஸ்டோர்ஸ்ல இருப்பேன். புது பேரிங்கு வருது.

— அப்ப ஆரு…

— மிஷினு ஏத்த வந்திருக்கற ஸ்பெயின்காரருக்கு இங்கிலீஷு வரும் அம்மணி. அவருக்கு ஆளு வேண்டாம். அவரு சம்சாரமும் கூட வந்திருக்கறாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கறாங்க. மூணு வாரமாச்சு. ஸ்பானிஷத் தவுத்து ஒரு வார்த்தை வராது. மார்க்கெட்டுக்கு, டாக்டரூட்டுக்குக் கூடப் போறதுக்கு ஒரு பொம்பளை ஆளு கெடைப்பாங்களான்னு மேனேஜரு எல்லாத்துகிட்டயும் கேட்டுட்டு இருந்தாரு.

— ஏனுங்க…

— பத்து மணிக்கு மில்லு காரு இங்கயே வந்துரும்.

— என்னயவா? வெளையாடறீங்களா? நான் அந்தப் பாஷைய ஒருநாளும் காதுல கேட்டதில்லீங்க! பொஸ்தகத்துல கண்ணால பாத்ததுதான். அவங்க பேசுனா எனக்குப் புரியுமா? நான் பேசுனா அவங்களுக்குப் புரியுமா? அத்த என்ன சொல்லுவாங்க? மருமவ காருல ஏறிப் போறான்னு தெருவே பாக்கும்.

— பாக்கட்டும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.

— சர்டிபிகேட்டு? அதுல உங்க பேரில்ல இருக்குது? அதக் கேட்டா?

— அத நான் எடுத்துட்டே போகல.

— பொறகு மேனேஜருகிட்ட என்னன்னு சொன்னீங்க? மூடி மறைக்காமச் சொல்லுங்க. என்ற பேரச் சொல்றதுக்கு மின்னாடி என்னன்னு சொன்னீங்க?

— 'அந்தம்மா மூணு வாரமாப் பேச ஆளில்லாமச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க, பாக்கவே பாவமா இருக்குது திருமலைசாமி'ன்னு அவரு சொன்னாரு. 'எங்கூட்டுலயும் ஒருத்தி ரெண்டு வருசமா அப்பிடித்தான் இருக்கறாளுங்க, கூட்டியாரட்டுங்களா'ன்னு கேட்டேன்.